நேரங்காப்பார் நானல்ல

மந்தைவெளி,
4-6-2025, புதன்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஆனந்தகுமாருக்கு மாமனார் ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. தங்கள் அத்தை நலம். நானும் நலம், ரத்த அழுத்தம் மட்டும் மே 25-ஆம் தேதியிலிருந்து நலமில்லை. பெருங்குடியில் அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

விடுமுறைக்கு இங்கு வந்திருந்த தங்கள் மகள் தாரணி அன்றுதான் ஒரு நாவலைத் தொடங்கினாள். வீட்டுக்குத் திரும்பிய பின்னும் ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதி அனுப்புகிறாள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் அதைப் போடுபவர் தங்கள் அத்தை. அந்தத் துரோகத்தைத் தனியே விசாரித்து வருகிறேன். கதையில் சீர்நகர் என்றோர் ஊர். அங்கே குற்றமில்லை, குப்பையில்லை, சண்டையில்லை. மதியம் இரண்டு முதல் நான்கு வரை குக்கர் விசில் அடிக்கக் கூடாது, பந்து உருளக் கூடாது. கோலம் மூன்றடியைத் தாண்டினால் அழித்துவிடுவார்கள். அங்கிருந்து தப்பிக்கப் பார்ப்பவள்தான் கதாநாயகி. ஊரை ஆள்பவர் நேரங்காப்பார். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அது நான்தானாம்! அபாண்டம். எங்கள் சங்கத் தீர்மானப்படி (12-1-2019) கோலம் இரண்டரை அடிதான். கண்ணாடிக்கு நான் கயிறு கட்டியது மூன்றாவது கண்ணாடி தொலைந்த மறுநாள், 15-2-2011-இல். அப்போது தாரணிக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

வருகிற ஞாயிறு, 8-ஆம் தேதி, சங்கச் செயலாளர் தேர்தல். இத்தனை வருடம் என்னை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. இப்போது இரண்டாம் மாடி கோதண்டபாணி நிற்கிறார். அவருடைய ஒரே வாக்குறுதி, "மத்தியானத்துலயும் விசில் அடிச்சுக்கலாம்." காவலாளி தங்கவேலிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "அத்த உடுங்க சார், கதை சோக்கா கீது. நீங்கதான் வில்லன்னு பேசிக்கினு கீறாங்கோ. ஆனா அந்தப் பொண்ணு தப்பிச்சுக்குமா, மாட்டிக்குமா? அத்தச் சொல்லுங்க மொதல்ல" என்கிறான்.

இன்று வந்த ஆறாம் அத்தியாயத்தில் கதாநாயகி பந்தும் கையுமாக மோட்டார் அறைக்குப் பின்னாலுள்ள கதவுக்கு ஓடுகிறாள். அதன் தாழ்ப்பாள் சரியாக விழாதாம். மாப்பிள்ளை, அது எங்க தாழ்ப்பாள்! ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, திருடன் வந்தா யார் பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை வெல்டிங் ஆளை வரச் சொல்லியாச்சு. தேர்தல் முடியறவரைக்கும் கதையை நிறுத்தச் சொல்லுங்க. பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க.

தாரணி தீர்க்காயுசுடனும், இனி கணக்குப் பாடத்தில் மட்டும் கற்பனையுடனும் இருக்க ஆசிகள்.

ராஜரத்தினம்,
செயலாளர் (8-ஆம் தேதி வரை நிச்சயமாக).

பி.கு.: பிழை திருத்துவதற்காக மட்டும் ஆறு அத்தியாயங்களையும் மறுபடி படித்தேன். கதாநாயகி கதவைத் தொடும்போது நேரங்காப்பார் எதிரே வருவதோடு தாரணி நிறுத்தியிருக்கிறாள். வெல்டிங் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழாம் அத்தியாயத்தை உடனே அனுப்பச் சொல்லவும். நேரங்காப்பார் அவளைப் பார்த்தும் பாராததுபோல் திரும்பிக்கொள்வார். மே 18-ஆம் தேதி மதியம் இரண்டே முக்காலுக்கு எங்கள் மோட்டார் அறைப் பக்கம் பந்தும் கையுமாக ஒருத்தி ஓடியபோதும் அப்படித்தான் திரும்பிக்கொண்டார் என்று குழந்தையிடம் சொல்லவும்.