இடுப்புத் துண்டு

ஆறெல்லாம் வற்றிப்போன ஒரு நாட்டில் துண்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. புதிய மன்னர் பட்டமேற்கும்போதெல்லாம் குடிமக்கள் பழைய நிறத்தைக் கழற்றிவிட்டுப் புதிய நிறத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இதற்கு விசுவாசம் என்று பெயர். எல்லோருக்கும் முந்தி மாறுகிறவர் என்பதால் பரிபூரணர்தான் எப்போதும் விசுவாசத் துறை அமைச்சர்.

ஊதா மன்னர் ஆண்டபோது அமைச்சர் ஊர் எல்லையிலிருந்த தொழுநோயாளர் விடுதிக்கு வந்தார். அங்கே நோயாளிகளின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்த வேதக்கண்ணின் தோள் காலியாக இருந்தது. இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டு.

"ஏன் ஊதா இல்லை?"

"ஏற்கெனவே ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன் ஐயா."

"அவர் எந்தத் தொகுதி?"

"தொகுதி கிடையாதுங்க. தச்சு வேலை பாத்தவரு. சிலுவையில அடிச்சுக் கொன்னு போட்டாங்க."

"தோற்றவருக்கா விசுவாசம்?" அமைச்சர் உண்மையாகவே குழம்பிப்போனார்.

"மூணாம் நாள் எந்திரிச்சிட்டாரு ஐயா."

"அது முடிவு அறிவித்த பிறகு நடந்தது. செல்லாது."

துண்டில்லாத தோள் இருக்கும் விடுதிக்கு அரிசி இல்லை என்று ஆணை பிறந்தது. அடுத்து, பசிக்கிறது என்று சொல்வது மன்னரை அவதூறு செய்வதாகும் என்று இன்னொன்று.

"எங்களுக்காகவாவது போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு துணிதான?" என்று கெஞ்சினாள் பிரகாசி. பசியைத் தாங்க முடியாத நோயாளி அவள்.

வேதக்கண் அமைச்சர் விட்டுப்போன ஊதாத் துண்டைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு அழுதுகொண்டே ஒரு பானையைத் தூக்கி வீடுவீடாகப் போனார். ஊதா போட்ட வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை அவருக்காக ஒதுக்கத் தொடங்கினார்கள். கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது. எப்படியோ உயிர் ஓடியது.

ஊதா மன்னர் கவிழ்ந்தார். புதிய மன்னரின் நிறம் வெள்ளை.

வேதக்கண் பிரகாசியின் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேளதாளத்தோடு வந்து இறங்கினார் பரிபூரணர். பின்னால் வண்டி நிறைய அரிசி மூட்டைகள்.

"நாடே ஊதாவில் மிதந்தபோது தாங்கள் ஒருவர்தான் வெள்ளை! என்ன தொலைநோக்கு! இன்று முதல் தாங்கள் தலைமை விசுவாசி. அரிசியும் உண்டு. ஒரே ஒரு திருத்தம், துண்டைத் தோளுக்கு ஏற்றிவிட வேண்டும்."

"தோள்ல போட்டுட்டா இவங்க காலை எதால துடைக்கிறதுங்க?"

"அதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். தலைமை விசுவாசி குனியக் கூடாது."

வேதக்கண்ணுக்குத் தன் பதில் தெரியும். ஆனால் இவர்களை இன்னொரு முறை பட்டினி போட அவருக்கு மனசு வரவில்லை.

பிரகாசி மூட்டைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல்களில்லாத தன் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"தொடைங்க அண்ணாச்சி. ஈரம் நின்னா புண்ணுக்கு ஆவாது."

வேதக்கண் குனிந்தார். வண்டி வந்த வழியே திரும்பியது.