பதினாறு ஆம்பியர் காத்த படலம்

காதிடுக்கில் கூர்முனை எழுதுகோல் தாங்கிய கோமான், கம்பிக்குலம் புரக்கும் காவலன், மும்முறை ஷாக் அடித்தும் மீசை கலையாத மாவீரன், நாடக மன்றத்து மேடைவிளக்குகள் அனைத்துக்கும் தனிப்பெருந்தலைவன், உற்றாரும் மற்றாரும் பென்சில் என்று அழைக்கும் எம்பெருமான் பென்சிலாரை முதற்கண் வணங்கி, அவர் கணக்குப் போட்டுக் களம் வென்ற கதையைச் சொல்லத் துணிந்தோம். சொல்லுக்கு அரசியே, எம் நாவில் வந்து அமர்வாயாக. வரும் வழியில் எந்த சுவிட்சிலும் கைவைக்காதிருப்பாயாக.

போருக்குக் காரணம் ஒரு மரணம். சென்ற மாதம், நாடகத்தின் கடைசிக் காட்சியில், நச்சுக்கோப்பை ஏந்திய அரசியாய் நின்ற பென்சிலாரின் இல்லத்தரசியார், கண் சொருகி, கால் தள்ளாடி, இறுதி மூச்சை இழுத்துப் பிடித்த அந்த அரும்பெரும் நொடியில், அவரை முந்திக்கொண்டு மேடையின் மூன்று விளக்குகளும் உயிர்நீத்தன. இருளில் ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. அன்று முதல் அம்மையார் கணவரிடம் திருவாய் மலர்ந்தது ஒரே ஒரு முறைதான்.

“அடுத்த தடவையும் லைட்டு போச்சுன்னா, அப்படியே எழுந்து எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்.”

மலை அசைந்ததோ இல்லையோ, பென்சிலார் அசைந்துபோனார். காதிலிருந்து எழுதுகோலை உருவினார். கடைசிக் காட்சிக்குரிய மூன்றாம் சர்க்யூட் பதினாறு ஆம்பியர் தாங்கும்; அதற்கு மேல் ஏற்றினால், பிரேக்கர் என்னும் வாயிற்காப்போன் சற்றுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் படாரென்று கதவைச் சாத்துவான். ஆயிரம் வாட் விளக்குகள் மூன்று, ஆக மூவாயிரம். அதை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுக்க, ஆம்பியர் பதின்மூன்று சொச்சம். வகுத்தார், பெருக்கிப் பார்த்தார், மீண்டும் வகுத்தார். பதினாறுக்குள் அடங்கிய சுமைக்கு விளக்குகள் ஏன் மாண்டன என்று சொல்ல விடை கொஞ்சமும் இரங்கவில்லை. மேடையில் தொங்குவது மட்டுமே சுமை என்பது அவருடைய சித்தாந்தம். தரையில் இருப்பதை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை.

அதே நாடகம் மீண்டும் நடக்கவிருந்த நாளின் நண்பகலில், மூன்றாம் பிரேக்கரைச் சோதிக்க அணைத்தார். உடனே சுவருக்கு அப்பாலிருந்து ஒரு போர்க்குரல் எழுந்தது.

“யாருடா அது, பாதி சட்டையில கரண்ட்ட நிறுத்துனது?”

உடையறையின் பேரரசி, இரண்டாயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஏந்திய வீராங்கனை, பென்சிலாரின் உடன்பிறந்த அக்காவே அங்கு நின்றார். மூவாயிரமும் இரண்டாயிரமும் ஐயாயிரம். ஏறத்தாழ இருபத்திரண்டு ஆம்பியர். அரசியின் சாவைக் கெடுத்த பாதகம் எதுவென்று பென்சிலாருக்கு அந்தக் கணமே விளங்கிற்று.

“அக்கா, கடைசி சீன் நேரத்துல மட்டும் பெட்டிய அணைச்சுடேன்.”

“கடைசி சீன்லதான்டா ராஜா வந்து அழுவாரு. கசங்கின சட்டையோடவா அழுவாரு?”

“முன்னாடியே தேய்ச்சு வைக்கலாம்ல?”

“மூணாவது சீன்ல அதே சட்டையில கீழ விழுந்து புரள்றாரே, அதையும் உன் கணக்குல சேத்துக்கோ.”

சேர்த்தார். தாள் நிரம்பிச் சுவரிலும் எழுதினார். இறுதியில், மாவீரர்க்கே வாய்க்கும் தெளிவு வாய்த்தது. உடையறைக் கதவில் ஓர் ஆணை ஒட்டப்பட்டது.

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நான்காம் காட்சியில் ஒற்றை விளக்கு மட்டும் நிலவாய் எரியும் எட்டு நிமிடங்களில் இஸ்திரி போட அக்கா அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதன்பின் பிளக்கைத் தொடும் கை எவருடையதாயினும், அது பென்சிலின் குடும்பத்தைக் குலைத்த கையாகும்.”

அக்கா கடைசி வரியை இருமுறை படித்தார்.

“அவ கோவிச்சுக்கிட்டு இருக்கான்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. எட்டு நிமிஷம் போதும், போ.”

மாலையில் திரை உயர்ந்தது. நான்காம் காட்சியில், ஆவி பறக்க, மேசை அதிர, காலர் வேறு கை வேறு எனப் பிரித்து மேய்ந்த அக்கா, ஏழாம் நிமிடத்திலேயே பிளக்கைப் பிடுங்கி, வெட்டிய பகைவன் தலையைப்போல் உயர்த்திக் காட்டினார். பின்னர் மூவாயிரம் வாட்டும் ஒருங்கே பொங்க, அரசியார் நஞ்சருந்தி, வசனத்தில் இல்லாத இரண்டு நிமிடங்களையும் சேர்த்துக்கொண்டு, ஆற அமர, முழு வெளிச்சத்தில் செத்தார். அரங்கம் விம்மியது, சட்டை கசங்காத ராஜா கதறினார், வானோர் பூமாரி பொழியாதது ஒன்றே குறை. ஒருமாத மௌனம் உடைந்து தம்மீது புகழ்மாலை விழப்போகும் தருணத்தை நோக்கி, நெஞ்சு நிமிர்த்தி, மேடையோரம் காத்து நின்றார் பென்சிலார். மணிமுடி சரிய, மைவிழி கலங்க, அரசியார் நேரே அவரிடம் வந்தார்.

“கண்ணு கூசுது. நாளைக்கு ஒரு லைட்ட கழட்டிடு.”

சரி என்று சொல்லிவிட்டு அவர் ஏணியை எடுக்கப் போனார்.