வீட்டுக்குள்ளே தமிழ் கூடாது

கொர்னேலியஸ் ஒரு சட்டம் போட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குக் குடிவந்த அன்றே போட்டார்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள இங்கிலீஷ் மட்டுந்தான். தமிழ் என் காதுல விழக்கூடாது!"

கிள்ளானில் அக்கா சாந்தமேரி, தம்பிமார், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் மொய்த்துக்கிடந்த குடும்பம். எல்லார் வாயிலும் தமிழ். அங்கே வளர்ந்தால் மகள் மகதலேனா எந்தக் காலத்தில் துரைசாணி ஆவது? அதற்காகவே தனிக்குடித்தனம். பிள்ளைக்கு அப்போதுதான் மழலை வந்திருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எஸ், நோ ரெண்டுதாங்க" என்றாள் மனைவி கெர்ட்ரூட்.

"அத வச்சே ஆரம்பி."

"வீட்டுக்குள்ளதானே?"

"வீட்டுக்குள்ளதான்."

ஆரம்பித்தாள்.

"சால்ட்?" என்றார் முதல் வாய்ச் சோற்றோடு.

"நோ."

"ஒய்?"

"எஸ்."

தானே போட்ட சட்டம், யாரிடம் போய் முறையிடுவார்? உப்பில்லாத குழம்பை விழுங்கினார். சண்டை போடலாமென்றால் சண்டைக்குத் தமிழ் வேண்டுமே!

அந்தக் குவாட்டர்ஸில் சமையல் செய்கிற குசினி வீட்டோடு சேர்ந்ததல்ல. பின்னால் முற்றம் தாண்டித் தனியாக நிற்கும். கொர்னேலியஸின் ஆபீஸ் மூளைக்கு இது எட்டவில்லை. கெர்ட்ரூடுக்கு முதல் நாளே எட்டிவிட்டது. பாய், பொம்மை, ஜெபமாலை எல்லாம் குசினிக்குப் போயின. நாத்தனார் சாந்தமேரியும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து, பின்சந்து வழியாக நுழைந்து, அங்கேயே உட்கார்ந்து வம்பளந்துவிட்டுப் போனாள்.

முன்னறையில் கொர்னேலியஸ் பேப்பரும் கையுமாகத் தனி ராஜாங்கம் நடத்தினார். பின்னாலிருந்து சிரிப்பு கேட்கும், சொல் கேட்காது. சாயங்காலம் மகள் வந்து நிற்பாள். "குட் ஈவ்னிங், டாடி." ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போக வயிறெரிந்தது. பெற்ற பிள்ளை ஒரு நாள் மடியில் ஏறியதில்லை, ஒரு கோள் சொன்னதில்லை. ஊரில் எந்தத் தகப்பனுக்கு இந்தக் கதி?

மகளுக்கு ஐந்து வயதாகியிருந்தது. ஒரு மாலை பொறுக்கமாட்டாமல் முற்றத்தைத் தாண்டினார். குசினிக்குள் மகதலேனா, "ஐயோ, எம் முட்டி போச்சே!" என்று அத்தை நடக்கிற நடையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அசல் கிள்ளான் தமிழ். அத்தையே கண்ணில் நீர்வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் எல்லாம் நின்றது.

"குட் ஈவ்னிங், டாடி."

"இது வீடில்லீங்க, குசினி" என்றாள் கெர்ட்ரூட் முந்திக்கொண்டு. "உங்க சட்டம் அந்தப் படியோட சரி."

கத்தத்தான் வந்தார். குசினி வாசலில் குந்திவிட்டார்.

"சட்டம் கெடக்குது, விடு. மகதலேனா, அப்பாகிட்ட வாம்மா. என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லேன்."

பிள்ளை நகரவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தாயின் சேலையைப் பிடித்திழுத்தாள்.

"ஏம்மா, டாடிக்குத் தமிழ் தெரியுமா?"