லிம்பெர் வாங்குன தங்க எழுத்துப் பெட்டி

இனிமே கோச்சபாம்பா ஊர்ச் சந்தையில திருட்டு டிஸ்க் வாங்கவே மாட்டேன்னு லிம்பெர் சபதம் போட்டான். வாயெல்லாம் பேஸ்ட் நுரையோட, கண்ணாடியப் பாத்துப் போட்ட சபதம். இனி எல்லாம் ஆன்லைன்தான். ஜப்பான்லேர்ந்து நேரா வர்ற ஒரிஜினல் அனிமே கார்ட்டூன் டிஸ்க் பெட்டி, தங்க எழுத்து, மொத்தத் தொடரும், அதுவும் நம்மூர் ஸ்பானிஷ் டப்பிங்கோட. விலை சந்தையவிடக் கம்மி.

அவன் பொண்டாட்டி நைதாவுக்கு அந்த விலையப் பாத்துதான் சந்தேகமே வந்துச்சு.

"ஒரிஜினல் எப்படிடா திருட்டவிட மலிவா வரும்?"

"இது இறக்குமதி. உனக்குப் புரியாது."

"நல்லாப் புரியுது. ஏமாத்துறதுக்கு இங்க ஆள் பத்தலன்னு அதையும் இறக்குமதி பண்றாங்க."

லிம்பெர் காதுல வாங்கல. அவனுக்கு அவசரம். சனிக்கிழமை அவங்க வீட்டு ஹால்லதான் அனிமே சங்கத்துத் தலைவர் தேர்தல். தலைவரா வர்றவங்கதான் வருஷம் முழுக்க என்ன தொடர் போடணும்னு முடிவு பண்ணுவாங்க. லிம்பெருக்கு ரோபோ தொடர்தான் உசுரு. அதே சங்கத்துல இருக்குற நைதாவுக்குக் காதல் கதை. ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த வீட்டு டிவியில ஒரு முத்தம்கூட விழுந்ததில்ல. விழுந்ததெல்லாம் ரோபோ. ரோபோ பெட்டியப் போட்டுக் காட்டுறேன், ஓட்ட அள்ளுறேன்னு இவன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தான்.

பெட்டி சனிக்கிழமை காலையிலதான் வந்துச்சு. தங்க எழுத்து விரல்ல ஒட்டிக்கிச்சு. அட்டையில நின்ன ஹீரோ வேற ஏதோ தொடர்க்காரன். பிளேயர் மூணு டிஸ்க்கத் துப்புச்சு, நாலாவத முனகிக்கிட்டே முழுங்குச்சு. படம் வந்துச்சு, சொன்ன ஸ்பானிஷ் டப்பிங் வரல. என்ன மொழின்னே தெரியல, ஒரே ஒரு ஆள் ஹீரோ, வில்லன், கைக்குழந்தைன்னு எல்லாருக்கும் அதே தூக்கக் கலக்கத்துல பேசுறான். கீழ ஸ்பானிஷ் எழுத்து ஓடுச்சு. ரோபோப் படைத் தளபதி உசுர விடுற நேரத்துல "என் முழங்கால் ஒரு ஈரமான வங்கி"ன்னு போட்டுச்சு.

வித்தவனைத் திட்டலாம்னு போனைத் தொறந்தான். அந்தக் கடையோட வெப்சைட்டே காணோம்.

லிம்பெர் அப்படியே தரையில உக்காந்துட்டான். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்து பையக்கூடக் கழட்டாமக் கேட்ட அந்த டப்பிங் குரல்தான் சங்கத்துல அத்தன பேருக்கும் சாமி. அது இல்லன்னா வீட்டுக்குக் கெளம்பச் செருப்பத் தேட ஆரம்பிச்சுடுவாங்க. தலைவர் பதவி போச்சு, ரோபோ போச்சு, மானம் போச்சுன்னு புலம்புனான். நைதா ஊதா சோளத்துல அப்பிங்கிற சூடான பானத்தக் காய்ச்சிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டா.

"சத்தத்த அணைச்சிடு. நான் பேசுறேன்."

"உனக்கு வசனம் தெரியுமா?"

"துணி மடிச்சாலும் இதான் ஓடுது, எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இதான் ஓடுது. தெரியாம எப்படி இருக்கும்?"

சாயங்காலம் ஹால் நெறஞ்சுது. நைதா திரைக்குப் பக்கத்துல நின்னு வாயத் தொறந்தா. தளபதி வந்தான். வில்லன் வந்தான். அந்தக் கெழட்டு விஞ்ஞானியோட இருமல்கூட அச்சு அசலா வந்துச்சு. பழைய தலைவர் ஓஸ்மார், சும்மாவே சிரிக்காத ஆளு, கண்ணத் தொடச்சுக்கிட்டார். ஜெயிச்சாச்சுன்னு லிம்பெர் சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டான்.

கடைசிச் சண்டை. தளபதி வாள உருவுனான். நைதா நிறுத்திட்டா. திரையில வாய் மட்டும் அசையுது, குரல் இல்ல. எல்லாரும் துடிச்சுப் போயிட்டாங்க. அப்போ தளபதியோட அதே கரகரப்புல கேட்டா:

"வீரர்களே, இந்தக் குரல்தான் உங்களுக்கு இனி தலைமையா? ஆமான்னா கையத் தூக்குங்க."

இப்படி ஒரு வசனம் தொடர்லயே இல்லன்னு லிம்பெருக்கு உறைக்கிறதுக்குள்ள கை மேல போயிடுச்சு. மொத ஆளா. ரெண்டு கையும்.

ஓஸ்மார் சுத்திப் பாத்து எண்ணுனார்.

"எல்லாரும் சம்மதம். தலைவி நைதா. லிம்பெர், உன் கை ரெண்டையும் ஒரு ஓட்டாத்தான் எடுத்துக்க முடியும்."

"நான்தானே நிக்கிறதா இருந்தேன்" அப்படின்னான்.

தலைவி தன் சொந்தக் குரலுக்கு வந்தாங்க. மொதத் தீர்மானம், இந்த வருஷம் முழுக்கக் காதல் தொடர். ரெண்டாவது, அப்பி குடிச்ச கிளாசையெல்லாம் லிம்பெர் கழுவணும். யாருக்காவது மறுப்பு இருந்தா கையத் தூக்கலாம்.

லிம்பெர் தூக்குனான். இந்தத் தடவ யாரும் எண்ணல.