குறையே இல்லாத பையனுக்கு ஒரு சின்னக் குறை

ஸ்டெம்பர், நெப்ராஸ்கா
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை லோரீனுக்கு, அண்ணன் வெர்லின் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மாடுகளும் விற்காமல் நிற்கிற டிராக்டர்களும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் சௌக்கியமாக இருப்பாய், மாப்பிள்ளை க்ளெனுக்கு இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, நீதான் போனை எடுப்பதில்லையே. போன வாரம் மாப்பிள்ளை எடுத்து, "அவ கடைக்குப் போயிருக்கா, வெர்லின்" என்றார். பின்னாலிருந்து உன் குரல், "சர்ச்சுக்குன்னு சொல்லுங்க, கடைன்னா திரும்பக் கூப்பிடுவான்" என்றது. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது என்று உன் கல்யாணத்தின்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது பார்.

நீ டிவியில் பார்த்ததும், காபிக்கடை டார்லா உனக்குப் போனில் சொன்னதும் எனக்குத் தெரியும். நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. வியாழக்கிழமை ஃபுட்பால் டிராஃப்ட். மூன்று நாள், பெரிய அணிகள் ஒவ்வொன்றாகக் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுக்கப்போகின்றன. உன் பிள்ளை, நம் கார்சன் பெயரை முதல் நாளே சொல்வார்கள் என்று பிப்ரவரி மாதம் ஊரே பேசிக்கொண்டிருந்தது. இப்போது மூன்றாம் நாள் சாயங்காலமாவது சொல்வார்களா என்று பேசிக்கொள்கிறார்கள். இதற்கு நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. உன் அண்ணன் அவனுக்கு உதவி செய்தான்.

டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபொலிசில் அணிக்காரர்கள் அவனை எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருப்பான். சந்தையில் காளை பார்ப்பதற்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், காளைக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். அரை டவுசரோடு மேடையில் ஏற்றி உயரம், எடை, கை நீளம், விரித்த உள்ளங்கையின் அகலம் எல்லாம் அளந்தார்களாம். ஒவ்வொரு அணியின் டாக்டரும் அதே முழங்காலை ஒரு திருகு திருகினாராம். "கால் நல்லாத்தான் மாமா இருந்துச்சு, அவங்க பாத்ததுக்கப்புறம்தான் வலிக்குது" என்றான். எல்லாவற்றிலும் பையன் தேறிவிட்டான். மிச்சம் இருந்தது குணம். அதைப் பார்க்கத்தான் மார்ச் மாதச் சேற்றில், மெல்லிசான தோல் செருப்போடு, நியூஜெர்சியிலிருந்து பெல்லான்டி என்பவர் நம் ஊருக்கு வந்தார். மேற்குக் கடற்கரை அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிறவர். காபிக்கடை டார்லாவைப் பார்த்தார், பாஸ்டர் ஆம்க்விஸ்டைப் பார்த்தார், பள்ளிக்கூடக் கோச்சைப் பார்த்தார், பஞ்சர் ஒட்டுகிறவனைக்கூட விடவில்லை. கடைசியாக என் டிராக்டர் கடைக்கு வந்து, செருப்புச் சேற்றை என் புது விளம்பரத் தட்டியில் வழித்துவிட்டு உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சார், இந்த ஊர்ல ஒருத்தர்கூட அந்தப் பையனைப் பத்திக் குறை சொல்ல மாட்டேங்கறாங்க."

"குறை இருந்தாத்தானேங்க சொல்றதுக்கு?"

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு. இதே மாதிரி தெக்க ஒரு ஊர்ல, எல்லாரும் தங்கமான பையன்னாங்க. நம்பி எடுத்தோம். எடுத்தப்புறம் பாத்தா குளிக்கிற தொட்டியில முதலை வளக்கறான். ஊருக்கே தெரிஞ்சிருக்கு. ஊரே சேந்து மறைச்சிருக்கு. என் வேலையே போகப் பாத்துச்சு."

"கார்சன்கிட்ட முதலையெல்லாம் கெடையாதுங்க."

"அவங்களும் அப்படித்தான் சார் சொன்னாங்க."

இங்கேதான் லோரீன், நீ உன் அண்ணனின் தொழிலை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய டிராக்டர் விற்றே தலை நரைத்தவன் நான். வண்டியில் ஒரு பழுதும் இல்லை என்று சொன்னால் வாங்க வந்தவன் அப்படியே திரும்பிப் போய்விடுவான். "எஞ்சின் அருமை, பிரேக் அருமை, பின்னால மட்டும் லேசா எண்ணெய் கசியுது" என்றால், இந்த ஆள் யோக்கியன் என்று கைகொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவான். அந்த எண்ணெய்க் கசிவுதான் வண்டியை விற்கும். நம் பையனுக்குக் கசிவு இல்லை. அதுதான் பிரச்சினை. "நாளைக்குக் காலையில டார்லா கடைக்கு வாங்க, மனசு விட்டுப் பேசுவோம்" என்று பெல்லான்டியை அனுப்பிவிட்டு, நேராகப் போய் டார்லாவையும் பாஸ்டரையும் உட்காரவைத்து, கார்சனுக்கு உடனடியாக ஒரு சின்னக் குறை வேண்டும் என்று விளக்கினேன்.

நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரன் நம் வேலியை இடித்துத் தள்ளினால்கூட, வேலி கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் இருந்தது என்று நாம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி. மூன்று பேரும் யோசித்தோம். காபி ஆறியது. மறுபடி ஊற்றினாள். அதுவும் ஆறியது.

"வேகமாச் சாப்பிடுவான்" என்றாள் டார்லா கடைசியில்.

"அது குறையா? உன் சமையலுக்கு அது மரியாதை" என்றேன்.

"சர்ச்சுல பாட்டு சரியா வராது" என்றார் பாஸ்டர். சொல்லிவிட்டு உடனே, "ஆனா மனசாரப் பாடுவான்" என்று அதையும் கெடுத்தார்.

"பாஸ்டர், குறை சொல்லிட்டு அதுக்கு மேல வெண்ணெய் தடவாதீங்க!"

"நான் பொய் சொல்ல மாட்டேன் வெர்லின். உண்மையான குறை ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடு, சந்தோஷமாச் சொல்றேன்."

கடைசியில், காலையில் எழுப்புவது கஷ்டம் என்று முடிவுசெய்தோம். சின்ன விஷயம், பாதி உண்மை. கன்று போடுகிற மாசத்தில் இரவெல்லாம் என் மாட்டுக் கொட்டகையில் கிடந்துவிட்டுக் காலையில் தூங்குவான் அல்லவா, அதுதான். இதற்குமேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று இரண்டு பேரிடமும் கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்துவிட்டேன்.

மறுநாள் பெல்லான்டி வந்ததும் டார்லா பாடம் ஒப்பித்தாள். "சார், அவனைக் காலையில எழுப்பறது கஷ்டம்." அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பாலைவனத்தில் தண்ணீர் கண்டவர் மாதிரி, "அப்படியா! சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். டார்லாவை இவ்வளவு ஆர்வமாக யாரும் கேட்டதே இல்லை, பாவம், அவளுக்குக் குஷியாகிவிட்டது. "பக்கத்துல குண்டு போட்டாக்கூட எழுந்திரிக்க மாட்டான் சார்!" என்றாள். பெல்லான்டி போனில் தட்டிக்கொண்டே, "அப்ப ராத்திரி தூங்கறதில்ல. எங்க போவான்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பாஸ்டர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "அது வேற ஒண்ணுமில்லீங்க, கன்னு போடற மாசத்துல மாட்டுக் கொட்டாய்ல..." என்று ஆரம்பித்தார். விட்டால் பையன் மறுபடி தங்கமாகிவிடுவான், முதலை மறுபடி வந்துவிடும். மேஜைக்கடியில் பாஸ்டரை ஓங்கி ஓர் உதை விட்டேன். "ஐயோ!" என்று கத்தியது பெல்லான்டி. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் நான், "சும்மா சீட்டு விளையாடப் போவான் சார்" என்றேன்.

பெல்லான்டி காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"சூதாட்டமா?"

லோரீன், இந்த விளையாட்டில் ஒருவன் எதை வேண்டுமானாலும் செய்துவிட்டுத் தப்பிக்கலாம், சூது என்று பெயர் வந்தால் மட்டும் கதை முடிந்தது. எனக்கு அது தெரியும். நாக்குக்குத்தான் தெரியவில்லை. "சேச்சே, காசு வெக்காம, பாஸ்டர் வீட்லதான்! சர்ச்சுப் பொம்பளைங்களோட!" என்றேன். பெல்லான்டி பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு மிகவும் வருத்தமாக, "எங்க வீட்ல சீட்டுக்கட்டே கெடையாதுங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த வாரமே, தலையில் எண்ணெய் பளபளக்க டிவியில் உட்கார்ந்து பேசுகிறாரே ஒருத்தர், அவர் "இந்தப் பையனின் இரவு வாழ்க்கையைப் பற்றிச் சில கேள்விகள்" என்றார். இரவு வாழ்க்கையாம்! கன்றுக்குட்டியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு!

இத்தோடு விட்டிருந்தால் நீ போனை எடுத்திருப்பாய். நான் விடவில்லை. கல்லூரி மைதானத்தில் எல்லா அணிக்காரர்களும் வந்து பையன்களைக் கடைசியாக ஓடவிட்டுப் பார்க்கிற நாளன்று, அப்பா சாவுக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு லாரியை எடுத்துக்கொண்டு போனேன். பெல்லான்டியிடம் இரண்டு வார்த்தை சொல்லித் திருத்திவிடலாம் என்பதுதான் எண்ணம். அவர் மேலே, கடிகாரங்களோடு உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவில் இருந்தார். நான் கீழே இருந்தேன். கார்சன் ஓடுவதற்குக் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தான். எல்லாரும் மூச்சுவிடாமல் இருந்ததால் இடம் நல்ல அமைதியாக இருந்தது, கேட்கும் என்று நினைத்து, "பெல்லான்டி சார்! அவன் சூதாடறதில்ல! சத்தியமா சூதாட்டம் கெடையாது!" என்று கத்தினேன். பெல்லான்டி ஒருவருக்குத்தான் அதுவரை அந்த விஷயம் ஒழுங்காகத் தெரியும். இப்போது அங்கே இருந்த எல்லா அணிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். கார்சன் என் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஓடினான். அவ்வளவு பெரிய உடம்பு எவ்வளவு வேகமாகப் போனாலும், ஆரம்பத்தில் விட்டது விட்டதுதான்.

முடிந்ததும் என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "மாமா, டை கோணலா இருக்கு" என்று சரிசெய்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க மாமா. ரோடு வழுக்கும், மெதுவாப் போங்க" என்றான். வண்டியில் ஏறி உட்கார்ந்து அழுதேன் லோரீன், உன்னிடம் சொல்வதற்கென்ன. நீங்கள் அரிசோனா போனபோது பள்ளிக்கூடத்தை முடிக்கட்டும் என்று என் வீட்டில் விட்டுவிட்டுப் போன பையன். பந்து எறிகிறவன்மேல் யாரும் வந்து விழாமல் குறுக்கே சுவராக நிற்கிறதுதான் அவன் வேலை, அதை அவனைப் போல ஒழுங்காகச் செய்கிறவன் நாட்டில் நாலு பேர்கூட இல்லை. அவனை எடுக்க வந்தவர்களுக்குக் குறுக்கே நான் போய் நின்றுவிட்டேன்.

அதனால் இப்போது உறுதியாகச் சொல்கிறேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் கொட்டகையை விட்டு வெளியே வர மாட்டேன். போனை டார்லாவிடம் கொடுத்துவிட்டேன். இனி எந்த அணிக்காரனிடமும் கார்சனைப் பற்றி நல்லதோ கெட்டதோ வாயைத் திறக்க மாட்டேன். அவன் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். தனக்கு மாமா என்று யாரும் கிடையாது என்று அவன் சொல்லிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கார்சனுக்கு என் மனப்பூர்வமான ஆசி. மாப்பிள்ளைக்கு அன்பு, இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் நிறுத்தவேண்டாம் என்று சொல். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நீ எப்போதும் நன்றாக இருக்கவேண்டும்.

உன் அண்ணன்,
வெர்லின்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் கொட்டகையிலேயே வைத்திருந்தேன், இன்றைக்குச் சனிக்கிழமை. நேற்றுச் சாயங்காலம் டார்லா செருப்பில்லாமல் ஓடிவந்து போனை என் காதில் வைத்தாள். பெல்லான்டி. "எடுத்துட்டோம் சார், ரெண்டாம் நாளே, ரெண்டாம் சுத்துல!" என்றார். நீ எனக்கு முன்பே டிவியில் பார்த்து அழுதிருப்பாய். ஆனால் இது உனக்குத் தெரியாது. எடுப்பதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு நேரில் பேசுகையில், உன்னிடம் இருக்கிற பெரிய குறை எது என்று கேட்டார்களாம். "எங்க மாமா" என்றானாம். அறையில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடித்ததும், சரி, அந்தக் குறையை எப்படிச் சரிசெய்யப்போகிறாய் என்று கேட்டார்களாம். "சரி பண்ண முடியாது சார். என்னை எடுத்தா அவரையும் சேத்துத்தான் எடுக்கணும், நான் எங்க போனாலும் அவரைக் கூட்டிட்டுத்தான் போவேன்" என்றானாம். "இதுக்கப்புறம் விசாரிக்க என்ன சார் இருக்கு?" என்றார் பெல்லான்டி. ஆகவே லோரீன், மேலே நான் வாயைத் திறக்க மாட்டேன், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு. மாடுகளை டார்லா பார்த்துக்கொள்வாள். நாளைக் காலையில் லாரியில் கிளம்புகிறேன். புது ஊர், புது கோச், நம் பையனைப் பற்றி அவரிடம் நாலு நல்ல வார்த்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?