பதினேழாம் இலக்கப் பூநாரை

உலகில் நாடு பிடித்த அரசுகள் உண்டு, ஊரைக் கொளுத்திய அரசுகள் உண்டு. பறந்து போகிற நாரையைப் பார்த்து, "எந்த ஊருக்குப் போகிறாய் அம்மா, சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாயா?" என்று கவலைப்பட்ட அரசு ஒன்றே ஒன்றுதான். பழவேற்காட்டில் கோட்டை கட்டி ஆண்ட உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்களின் அரசு அது. அந்தக் கருணையை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது.

விஷயம் இதுதான். மழைக்காலம் முடிந்தால் ஏரிக்குப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வரும். சித்திரை வெயில் ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். கோட்டையின் ஏரியில் மேய்ந்துவிட்டு, கோட்டையிடம் சீட்டு வாங்காமல் அவை எங்கே போகின்றன? ஒன்பது நாள் ஆலோசனை நடந்தது. பத்தாம் நாள் 'பட்சி விசாரணைக் கச்சேரி' உதயமாயிற்று. அதற்குப் பீத்தர் துரை அதிகாரி. கங்காதரன் துபாசி. துரை சொல்வதைத் தமிழிலும், ஊரார் சொல்வதை மரியாதையிலும் பெயர்த்துச் சொல்வது அவர் வேலை.

குப்பத்து மணலில் கூட்டம் போட்டு அவர் உத்தரவைப் படித்தார். "ஒவ்வொரு பட்சியின் காலிலும் இலக்கம் பொறித்த பித்தளை வளையம் மாட்டப்படும். யாழ்ப்பாணம், மலாக்கா, ஜாவாத் தீவின் பத்தாவி முதலான சகல துறைமுகங்களுக்கும் கடிதம் போகும். அந்தப் பட்சியை எங்கே, எப்படி, என்ன சுகத்தில் கண்டாலும் உடனே எழுத வேண்டியது."

கூட்டத்தின் பின்வரிசையில் மீன்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த குப்பம்மா எழுந்து நின்றாள்.

"பத்தாவிக்குமா எழுதுவீங்க?"

"எழுதுவோம்."

"பதிலு வருமா?"

"கோட்டை கேட்டு வராத பதிலா?"

குப்பம்மா கூடையை விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்தாள். பஞ்ச வருஷத்தில் கோட்டையில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று அவளுடைய தம்பி மாரி போனான். ஊற்றினார்கள். ஊற்றிய கையோடு பத்தாவிக் கப்பலிலும் ஏற்றினார்கள். அவன் படகுக்கு நடந்து போனதை அவள் கரையிலிருந்து பார்த்தாள். சின்னச் சின்ன அடியாக வைத்துப் போனான். பசிதான் காரணம் என்று ஊரார் சமாதானம் சொன்னார்கள். ஆறு வருஷம் ஆகிறது. இருக்கிறானா, இல்லையா? அது தெரியாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காய் இறங்கியதில்லை.

"நான் வளையம் மாட்டறேன். கூலி வாணாம். ஒரே ஒரு கேள்வி கேப்பேன், அதுக்குப் பதிலு எழுதி வாங்கித் தரணும்" என்றாள்.

இவ்வளவு மலிவான ஆள் கிடைத்ததில் துரைக்குப் பரம சந்தோஷம். 'முதல் கடிதம் வந்த பிறகு கேள்வி கேட்கலாம்' என்று உத்தரவாயிற்று.

பயிற்சி தொடங்கியது. கப்பல் தச்சன் ஒரு மரப் பூநாரை செய்து கொடுத்தான். வாரம் முழுக்க அதற்கு வளையம் மாட்டி எல்லோரும் தேறினார்கள். மரப் பூநாரையும் நன்றாக ஒத்துழைத்தது. அதன் கால் அளவுக்கே முந்நூறு வளையம் அடித்தாயிற்று. பிறகு பன்னிரண்டு சிப்பாய்கள் பூட்ஸ் காலோடு ஏரியில் இறங்கினார்கள். முழங்கால் வரை சேற்றில் புதைந்ததும் ஒரே குரலாய்க் கத்தினார்கள். ஏரியே எழுந்து பறந்தது. 'பட்சிகளுக்கு யாரோ துப்புக் கொடுத்துவிட்டார்கள்' என்று அறிக்கை எழுதப்பட்டது.

குப்பம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிநேகிதி எல்லம்மாவும் பிறந்ததிலிருந்து இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள். கழுத்தளவு நீரில் மண்டி போட்டு, இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். பூநாரைகள் அவர்களைத் தம் ஜாதி என்றே நினைத்தன. இரண்டும் சேற்றில் தலை கவிழ்ந்து பிழைக்கிற கூட்டம்தானே.

"துரையும் எங்ககூட வரட்டும். பறியைக் கடிச்சினு, வாயத் தொறக்காம" என்றாள் குப்பம்மா.

துரை வந்தார். தொப்பி, பொத்தான், பதவி எல்லாவற்றோடும் மண்டி போட்டார். வாயில் பறி. நூறு முழம் போவதற்குள் அவருக்குப் பதினைந்து உத்தரவு தோன்றியது. ஒன்றையும் போட முடியவில்லை. கோட்டை வரலாற்றில் நிர்வாகம் செம்மையாக நடந்தது அன்று ஒரு நாள்தான்.

நீருக்கடியில் குப்பம்மாவின் கை ஒரு காலைப் பற்றியது. இறக்கை அடித்தது, சேறு தெறித்தது. சேற்றில் துரையின் முகம் இருந்த இடமே தெரியவில்லை. எல்லம்மா இறக்கையை மடக்கி அணைத்துக்கொள்ள, குப்பம்மா பித்தளை வளையத்தை மாட்டினாள். அது பாதம் வழியாக வழுக்கி நீரில் விழுந்தது. மரக் காலின் அளவு!

துரை பறியைத் துப்பினார். "பட்சியின் கால்தான் தப்பு!"

"காலு அப்பிடியே இருக்கட்டும் துரை" என்ற குப்பம்மா, சுருக்குப் பையிலிருந்து ஈயத் துண்டு எடுத்தாள். வீச்சு வலையின் ஓரத்தில் ஈயம் கோக்கிற மாதிரியே காலைச் சுற்றி வளைத்து, இறுக்காமல் நழுவாமல் பல்லால் நெருக்கி மூடினாள். இலக்கத்தை ஆணியால் கீறினாள். அந்தப் பருவத்தில் இருநூற்றுப் பத்துப் பறவைகள் கோட்டையின் கவனிப்புக்கு உள்ளாயின. கால் நோகிறதா என்று ஒவ்வொன்றையும் நடக்கவிட்டுப் பார்க்கத் தனி உத்தரவு இருந்தது. பதினேழாம் இலக்கத்தை விடும்போது மட்டும் குப்பம்மா அதன் கழுத்தைத் தடவிச் சொன்னாள்: "பத்தாவி பக்கம் போனா எங்க மாரியப் பாரும்மா. அக்கா கேட்டுச்சினு சொல்லு."

மறு வருஷம் தை மாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. 'பதினேழாம் இலக்கப் பூநாரை இவ்விடம் க்ஷேமம். இரண்டு காலும் நலம். பசி நன்றாக இருக்கிறது.' கோட்டையில் மூன்று பீரங்கி முழங்கியது. ஏரிக்கு வந்திறங்கியிருந்த பறவையெல்லாம் பயந்து ஆந்திரப் பக்கம் பறந்தன. துரை ஆனந்தக் கண்ணீர் விட்டார். "ஒரு ஜீவன் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இனி நமக்குத் தூக்கம் வராது!" என்று பிரசங்கமும் செய்தார்.

குப்பம்மாவுக்கும் கண்ணீர் வந்தது. நாரைக்கே பதில் வருகிறதென்றால்! குளித்து, நல்ல புடவை கட்டி, கச்சேரிக்குப் போனாள்.

"என் கேள்வி துரை. பஞ்சத்துல பத்தாவிக் கப்பல்ல போனான், என் தம்பி மாரி. இருக்கானா, இல்லியானு எழுதிக் கேளுங்க."

துபாசி கங்காதரன் குரலைத் தாழ்த்திப் பெயர்த்துச் சொன்னார். துரை அன்போடு இறகுப் பேனாவை மையில் தொட்டார்.

"இலக்கம்?"

"இன்னா?"

"இலக்கம் கேக்கறாரு. உன் தம்பியோட இலக்கம்" என்றார் துபாசி.

"இல்லியே."

துரை பேனாவை வைத்துவிட்டார். உண்மையிலேயே வருந்தினார். இலக்கம் இல்லாமல் எந்தத் துறைமுகம் தேடும்? வளையம் மாட்டி அனுப்பாத ஒன்றைப் பற்றிக் கோட்டை எப்படிக் கடிதம் எழுத முடியும்?

துபாசி சொல்லி முடிக்கும் வரை குப்பம்மா பொறுத்திருந்தாள்.

"வளையம் இருந்துச்சி துரை. ரெண்டு காலுலயும் இருந்துச்சி, நடுவுல சங்கிலியோட. உங்க ஆளுங்கதான் மாட்டினாங்க. இலக்கம் மட்டுந்தான் போடல."