பூச்சியின் கால் தெரிய வேண்டும்

"மெயில்ல போக மாட்டேங்குதுங்க," என்று பென்டிரைவை மேசைமேல் வைத்தாள் அவள்.

ஆபரேட்டர் பென்டிரைவை எடுத்துச் செருகினான். முந்தாநாள்தான் அந்த ஃபைலைச் செய்து கொடுத்திருந்தான். பத்து வருஷமாக இந்த அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிறவன். அவன் கொடுத்த ஃபைல் திரும்பி வருவதென்றால் மானப் பிரச்சினை.

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளைப் படம் பிடிக்க ஆரம்பித்து, ஒரு புத்தகமே எழுதிவிட்டார். வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. முழுப் புத்தகமும் ஒரே பிடிஎஃப்பாக, மெயிலில் போகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். படமும் பளிச்சென்று இருக்க வேண்டும். சின்னதாக்கினால் படம் மங்கும், பளிச்சென்று வைத்தால் ஃபைல் பெருத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவர்களுக்கு ஆபரேட்டர் முகம் கொடுத்தே பேசமாட்டான். இவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"படத்தோட ரெசல்யூஷனை நூத்தம்பதுல வச்சிருந்தேங்க. இன்னும் கொஞ்சம் இறக்கிடறேன்."

"பூச்சி மங்கிடாதே?"

"மங்காதுங்க."

மங்கியது. மறுநாளே வந்துவிட்டாள்.

"கால்ல இருக்கற முள்ளு தெரியலைங்க. அப்பா ரொம்ப வருத்தப்படறாரு."

ஆபரேட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். பொன்வண்டு, மிதிபட்ட கடலை மாதிரி கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, படத் தரத்தைக் கடைசி வரை ஏற்றினான். முள்ளென்ன, முள்ளின் நிழல்கூடத் தெரிந்தது. ஃபைல் மூன்று மடங்கு ஊதிவிட்டது. அதைக் குறைக்கிறேன் பேர்வழி என்று எழுத்துருக்களை உள்ளே சேர்க்காமல் விட்டான்.

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருதுங்க," என்று வந்தாள்.

எழுத்துருவைச் சேர்த்து, ஃபைலை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தான்.

"ரெண்டா அனுப்பினா பாக்க மாட்டாங்களாம்," என்று வந்தாள்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "பத்து வருஷமா என்னத்தய்யா கத்துக்கிட்ட? ஒரு பூச்சியை அடக்கத் தெரியலை!"

திட்டெல்லாம் அவன் காதில் ஏறினால்தானே! அவள் வராத நாட்களில், கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே கழுத்து தானாகத் திரும்பியது. விசிட்டிங் கார்டு அடிக்க வந்த மனிதரைப் பார்த்து முகம் தொங்கிப் போனதில், அவர் ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல மன்னிப்புக் கேட்டார். கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து, வீட்டில் அம்மாவே அலுத்து விட்டிருந்த நேரம். இப்போது போய் இந்த ஏக்கம். சோறு இறங்கவில்லை.

சரி, அவள் வந்தால் பேசித் தொலைக்க வேண்டியதுதானே? அங்கேதான் ஐயாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும். ஃபைல் தயாராகும்போது திரையில் ஒரு நீலக் கோடு நகரும். அது முடிகிறவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஊரில் எல்லாரும் வேகமான கம்ப்யூட்டர் கேட்பார்கள், இவன் அந்தக் கோடு நகராமலே நின்றுவிடாதா என்று தவித்தான்.

ஒருநாள் அவளே கேட்டாள். "இவ்வளவு பூச்சி பாத்துட்டீங்க. உங்களுக்கு எதைப் பிடிச்சிருக்கு?"

'உங்களைத்தான்' என்று நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. வாய் வேறு சொன்னது. "கறுப்பு வெள்ளையா மாத்திட்டா அளவு இன்னும் குறையும்ங்க."

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "கலர்லயே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சுன்னா, எதிர்க் கடைக்கு அனுப்பிடுவேன். நம்ம பேரு கெடுது."

ஆபரேட்டர் யோசித்தான். வேலை சரியாக முடிந்தால் அவள் வரமாட்டாள். முடியாவிட்டால் எதிர்க் கடைக்குப் போவாள். எப்படிப் பார்த்தாலும் அவள் அவனுக்கு இல்லை. ஆனால் பாவம், அந்தப் பெரியவர் புத்தகம் இவன் கையில் மாட்டிக்கொண்டு நிற்கலாமா? லீவு நாளில் கடையைத் திறந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு படமாக எடுத்து, பூச்சியைத் தெளிவாக விட்டு, பின்னாலிருக்கும் இலைகளை மட்டும் மங்கலாக்கினான். வேண்டாத ஓரங்களை வெட்டினான். முள் தெரிந்தது, எழுத்து நின்றது, அளவும் அடங்கியது. செய்து முடித்தபோது அழுகை வந்தது.

மறுநாள் அவள் பென்டிரைவை வாங்கிக்கொண்டு நின்றாள், கிளம்பவில்லை.

"இனிமே குறை எதுவும் வராதா?"

"வராதுங்க."

"ஒண்ணுகூடவா?"

"நான் உத்தரவாதம்ங்க."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள். முகம் ஏன் அப்படி வாடியது என்று அந்த அறிவாளிக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. "பாத்தியா? ஒழுங்கா செஞ்சா யாரும் திரும்பி வரமாட்டாங்க," என்று முதலாளி சந்தோஷப்பட்டார். ஆபரேட்டருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கேட்கவே சகிக்கவில்லை. அந்த ஃபைலைத் திறந்து, ஏதாவது ஒரு குறை இருக்காதா என்று பக்கம் பக்கமாகத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த வாரம் ஜெராக்ஸ் எடுக்க ஒரு பெரியவர் வந்தார். ஆபரேட்டர் சட்டென்று எழுந்து நின்றான். புத்தகத்தின் பின்னட்டையில் எத்தனை தடவை சின்னதாக்கிய முகம்!

"ஐயா, பூச்சிப் புத்தகம்... நான்தாங்க செஞ்சேன். கடைசியா குடுத்த ஃபைல் நல்லபடியா போய்ச் சேந்துச்சுங்களா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைசி ஃபைலா? முதல் தடவை குடுத்தீங்களே, அதையே அன்னிக்கே அனுப்பியாச்சு, அவங்க அச்சுக்கும் குடுத்துட்டாங்களே தம்பி, எம்பொண்ணு சொல்லலையா?"